ஒரு மரபணுவை ஒட்ட எந்த வழி?

போன மாதம் ஒரு நாள் பசியாறிவிட்டு வந்து ஆய்வகக் கதவைத் திறக்கிறேன், புதிதாகச் சேர்ந்த முதுகலை மாணவன் வாசலிலேயே மடிக்கணினியோடு நிற்கிறான். "அக்கா, கிரிஸ்பர் போட்டுப் பண்ணிடலாமா?" வணக்கம்கூடச் சொல்லவில்லை. கிரிஸ்பர் என்பது உயிருள்ள செல்லுக்குள்ளேயே மரபணுவை வெட்டித் திருத்தப் பயன்படும் கருவி.

பண்ண வேண்டிய வேலை இதுதான். பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் பெலாச்சான் (இறால் விழுது) காயவைக்கும் இடத்து மண்ணில் ஒரு பாக்டீரியா கிடைத்திருக்கிறது. இறால் ஓட்டைத் தின்று கரைக்கிறது. கரைக்கும் நொதிக்குக் கைட்டினேஸ் என்று பெயர். அதன் மரபணு ஏறக்குறைய 1,700 டி.என்.ஏ எழுத்து. அதைப் பி.சி.ஆரில் (டி.என்.ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) பெருக்கி, 5,369 எழுத்துள்ள பெட்-28ஏ பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ வளையத்தில் ஒட்டி, ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, நொதியை நிறையச் செய்ய வைக்க வேண்டும். ஒரே ஒரு துண்டு, ஒரே ஒரு வளையம்.

"தம்பி, கிரிஸ்பர் வெட்டும். ஒட்டுவது யார்?" என்று கேட்டேன். முழித்தான். கிரிஸ்பரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒட்டும் வழிகளைப் பார்ப்போம் என்று உட்கார வைத்தேன். அன்று அவனிடம் சொன்னதையும், அவசரத்தில் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக இந்தக் குழாய்களோடுதான் என் பிழைப்பு.

பழைய வழி வெட்டி ஒட்டுவது. டி.என்.ஏவை ஒட்டும் லைகேஸ் 1967இல் பல ஆய்வுக்கூடங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. வெட்டு நொதிகளுக்காக ஆர்பர், நேதன்ஸ், ஸ்மித் மூவரும் 1978இல் நோபல் வாங்கினார்கள். இந்த வழிக்கு என்னைவிட வயது அதிகம். மரபணுவின் இரு முனையிலும் இரண்டு வெவ்வேறு நொதிகளின் வெட்டிடங்களைப் பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ இழை) மூலம் சேர்க்கிறோம், பிளாஸ்மிட்டையும் அதே நொதிகளால் வெட்டுகிறோம். நாங்கள் வழக்கமாக எடுப்பது என்டிஇ-1, எக்ஸ்ஹோ-1. என்டிஇ-1 வெட்டும் ஆறெழுத்தில் புரதம் தொடங்கும் ஏடிஜி அடங்கியிருப்பதால் அது வசதி. வெட்டியபின் எக்ஸ்ஹோ-1 நான்கெழுத்து வால் விடும், என்டிஇ-1 இரண்டெழுத்து மட்டும்தான் விடும். இந்த வால்கள்தான் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கும்.

அப்புறம் லைகேஸ். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு காம்பை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் நாரைச் சுற்றி இழுப்பார்கள். லைகேஸுக்குப் பிடிக்கிற கை கிடையாது, முடிச்சுப் போடுகிற கை மட்டும்தான். காம்புகள் தாமாக வந்து சேர்ந்து நிற்கும் அந்தக் கணத்தில் முடிச்சு விழ வேண்டும். 37 டிகிரியில் கை வேகமாக ஓடும், ஆனால் இரண்டெழுத்து நான்கெழுத்து வால்கள் அந்தச் சூட்டில் ஒட்டி நிற்காது. குளிரில் வால்கள் நிற்கும், கை மரத்துப் போகும். நாங்கள் பயன்படுத்தும் டி4 வகை லைகேஸுக்கு எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கும் 16 டிகிரி இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

பினாங்கில் 16 டிகிரிக்கு எங்கே போவது? பி.சி.ஆர் இயந்திரத்தை ராத்திரி முழுக்க 16இல் நிறுத்தி வைக்கலாம், ஆனால் மற்ற பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். போலிஸ்டைரீன் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, குழாயை மிதக்கவிட்டு, மூடிவைத்து வீட்டுக்குப் போய்விடுவேன். ஐஸ் மெதுவாக உருகி, விடிவதற்குள் பூஜ்யத்திலிருந்து அறைச் சூடு வரை எல்லா டிகிரியையும் ஒரு சுற்று தொட்டுவிடும். பார்ப்பதற்கு விஞ்ஞானம் மாதிரித் தெரியாது. ஆனால் அதை ஈ.கோலைக்குள் செலுத்தித் தட்டில் பரப்பினால் காலனி, அதாவது பாக்டீரியா வளர்ந்த புள்ளி, வரும்.

அளவு முக்கியம். பிளாஸ்மிட் ஒன்றுக்கு மரபணு மூன்று என்ற விகிதத்தில் போடுவோம். எடையில் கணக்குப் போட்டால், 50 நானோகிராம் பிளாஸ்மிட்டுக்கு இந்த 1,700 எழுத்துத் துண்டு சுமார் 47 நானோகிராம் வேண்டும். மாணவர்கள் மூன்று பங்கு என்றால் 150 நானோகிராம் என்று ஊற்றிவிடுவார்கள். துண்டு சின்னது, எடையும் குறைவு என்பது கையில் பைப்பெட் இருக்கும்போது மறந்துவிடுகிறது.

இந்த வழியில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சேர்ந்த முதல் வருடம். வால் இல்லாத மொட்டை முனையுள்ள பி.சி.ஆர் துண்டு ஒன்றைப் பிளாஸ்மிட்டில் ஒட்ட வேண்டியிருந்தது. பிளாஸ்மிட் தன் வாயையே தான் மூடிக்கொண்டு வெறும் காலனியாக வளரக் கூடாதென்று, பாஸ்படேஸ் நொதியால் அதன் 5' முனைகளிலிருந்த (ஒவ்வோர் இழையின் தொடக்க முனை) பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டேன். அந்தப் பாஸ்படேஸ் ஆர்க்டிக் கடல் இறாலிலிருந்து வந்தது. (நம் பெலாச்சான் இறாலுக்கு அந்தப் பெருமை இல்லை.) இரண்டு வாரம், நான்கு முயற்சி, தட்டில் ஒரு புள்ளி இல்லை. லைகேஸ் கெட்டுவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். கடைசியில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "உன் பிரைமர்ல பாஸ்பேட் இருக்கா?" இல்லை. கடையில் வாங்கும் சாதாரணப் பிரைமரின் முனையில் பாஸ்பேட் இருக்காது, அதனால் பி.சி.ஆர் துண்டிலும் இருக்காது. லைகேஸ் முடிச்சுப் போட ஒரு பக்கமாவது 5' பாஸ்பேட் வேண்டும். பிளாஸ்மிட்டில் இருந்ததை நான் கழற்றிவிட்டேன், துண்டில் முதலிலிருந்தே இல்லை. கைனேஸ் என்ற நொதியால் துண்டுக்குப் பாஸ்பேட் மாட்டினேன், அடுத்த நாள் தட்டு நிறையக் காலனி. வெட்டு நொதியால் வெட்டிய முனையில் பாஸ்பேட் தானாகவே இருக்கும் என்பதால், என்டிஇ, எக்ஸ்ஹோ வழியில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது வழி கிப்சன். 2009இல் டேனியல் கிப்சனும் கூட்டாளிகளும் வெளியிட்டது. வெட்டிடமே தேவையில்லை. மரபணுவின் இரு முனையிலும் பிளாஸ்மிட்டின் முனையோடு ஒத்துப்போகும் 20 முதல் 40 எழுத்தைப் பிரைமரில் சேர்த்துவிட்டால் போதும். ஒரே குழாயில் மூன்று நொதி. டி5 எக்ஸோநியூக்ளியேஸ் 5' முனைகளை அரிக்கும், வெளியே தெரியும் ஒற்றை இழைகள் ஒன்றோடொன்று சேரும், டி.என்.ஏவை எழுதும் பாலிமரேஸ் இடைவெளியை நிரப்பும், டாக் லைகேஸ் மிச்சமிருக்கும் கீறலை மூடும். 50 டிகிரியில் கால் மணி முதல் ஒரு மணி நேரம். அந்தச் சூட்டில் அரிக்கும் நொதி மெல்லச் செத்துப்போகிறது, மற்ற இரண்டும் சூடு தாங்கும் கிருமிகளிலிருந்து வந்தவை, அவை வேலையை முடிக்கின்றன. யார் எப்போது ஒதுங்க வேண்டும் என்பதைச் சூடே பார்த்துக்கொள்கிறது. அழகான ஏற்பாடு, மறுக்கவில்லை.

குறையும் உண்டு. பிரைமர் நீளமாக வேண்டும், 40 எழுத்துக்கு மேல் போகும், விலை ஏறும். 200 எழுத்துக்கும் குறைவான சின்னத் துண்டுகள் அரிப்பில் கரைந்து போகலாம். முனையில் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால் தப்பான இடத்தில் ஒட்டும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். எனக்கிருக்கும் குறை வேறு, அதற்கு ஒரு தைப்பூசக் கதை சொல்ல வேண்டும்.

சில வருடத்துக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் டி4 லைகேஸும் கிப்சன் கலவையும் ஒன்றாக ஆர்டர் போட்டிருந்தோம். பொட்டலம் தைப்பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கியிருக்கிறது. மறுநாள் பினாங்கே விடுமுறை, அடுத்து வார இறுதி. நாங்கள் தண்ணீர்மலையில் பால்குடம் பார்த்துக்கொண்டிருந்தோம், பொட்டலம் பொருளறை மேசைமேல் இருந்தது. திறந்தபோது குளிர்விக்க வைத்த ஐஸ் பைகள் வெதுவெதுப்பாக, கைக்குட்டை மாதிரித் தொங்கின.

லைகேஸைச் சோதிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. லாம்டா வைரஸின் டி.என்.ஏ 48,502 எழுத்து. ஹின்ட்-3 நொதி அதை எட்டுத் துண்டாக வெட்டும், துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படி மாதிரிப் பட்டைகள் தெரியும். அந்தத் துண்டுகளோடு லைகேஸைச் சேர்த்து அரை மணி விட்டு மறுபடி ஓட்ட வேண்டும். லைகேஸுக்கு உயிர் இருந்தால் படிகள் கலைந்து எல்லாம் மேலே ஏறிவிடும். எங்கள் குழாயில் பாதி ஏறியது, பாதி அப்படியே நின்றது. சரி, பாதி பலம் இருக்கிறது, இரண்டு மடங்கு ஊற்று. அந்தக் குழாயை வைத்தே அந்த வருடம் ஓட்டிவிட்டோம்.

கிப்சன் கலவையையும் சோதித்தோம். கூடவே வந்த சோதனைத் துண்டுகளில் மூன்றே காலனி. அரிக்கும் நொதி போனதா, நிரப்பும் நொதி போனதா, மூடும் நொதி போனதா? மூன்றும் ஒரே குழாயில் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வழியில்லை. முழுக் குழாயையும் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதுக்குக் காத்திருந்தோம், நான்கு வாரம். அன்றிலிருந்து என் முதல் கேள்வி மாறிவிட்டது. எந்த வழி வேகம் என்று கேட்பதை விட்டுவிட்டேன். தோற்றால் எங்கே தோற்றது என்று எனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன். வெட்டி ஒட்டும் வழியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு ஜெல் ஓட்டலாம். வெட்டியதா, சுத்தம் செய்தபின் மிச்சம் இருக்கிறதா, ஒட்டியதா என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கலாம். அடுத்த நாளே புதுக் குழாய் வந்து சேரும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. எங்களுக்கு ஒரு தவணையே இதில் போய்விடும்.

மூன்றாவது கோல்டன் கேட், 2008இல் ஜெர்மனியில் எங்லர், மரிலோனெட் ஆகியோர் கொடுத்தது. எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான். பிஎஸ்ஏ-1 என்ற நொதி தான் அடையாளம் காணும் ஆறெழுத்துக்கு வெளியே தள்ளி வெட்டும், நாம் விரும்பிய எந்த நான்கெழுத்து வாலையும் விட்டுப்போகும். ஒட்டி முடிந்த வளையத்தில் அந்த அடையாளம் இருக்காது, மறுபடி வெட்ட முடியாது. அதனால் வெட்டும் நொதியையும் லைகேஸையும் ஒரே குழாயில் போட்டு 37க்கும் 16க்கும் முப்பது முறை மாற்றி மாற்றி ஓட்டலாம். பழையபடியே ஒட்டிக்கொண்டது திரும்ப வெட்டப்படும், சரியாக ஒட்டியது தப்பித்து நிற்கும். நான்கைந்து துண்டை வரிசையாகக் கோக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஆனால் மரபணுவுக்குள்ளேயே அந்த ஆறெழுத்து இருந்துவிட்டால்? எழுத்துகள் சமமாகக் கலந்திருப்பதாக வைத்துக்கொண்டால் குறிப்பிட்ட ஆறெழுத்து 4,096 எழுத்துக்கு ஒரு முறை வரும். பிஎஸ்ஏ-1இன் அடையாளம் முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கப்படுவதில்லை, எதிர் இழையில் இருந்தாலும் வெட்டும், அதனால் கணக்கு 2,048க்கு ஒன்றாகிறது. 1,700 எழுத்து மரபணுவில் ஒன்றாவது இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு. தம்பியின் கணினியில் தேடச் சொன்னேன். இரண்டு இருந்தது. இரண்டையும் எழுத்து மாற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்க முடியும், ஒற்றைத் துண்டுக்கு அவ்வளவு பாடு எதற்கு? என்டிஇ, எக்ஸ்ஹோ இரண்டும் உள்ளே இல்லை, நல்ல காலம்.

நான்காவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். டோபோ. வாக்ஸினியா வைரஸின் டோபோஐசோமரேஸ் பிளாஸ்மிட்டின் முனையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், லைகேஸ் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் ஒட்டும். டாக் பாலிமரேஸ் முனையில் விட்டுப்போகும் ஒற்றை ஏ எழுத்தைப் பிடித்து ஒட்டும் வகையில் துண்டு எந்தப் பக்கமும் திரும்பி உட்காரலாம், அங்கிருந்து பெட்-28ஏவுக்கு மறுபடி வெட்டி ஒட்டத்தான் வேண்டும். கிட்டுக்கு விலையும் அதிகம். துண்டைப் பத்திரமாகச் சேமித்து வைக்க நல்லது, இந்த வேலைக்கு வேண்டாம்.

ஐந்தாவது, மரபணுவையே எழுதி வாங்குவது. வரிசையைக் கணினியில் அனுப்பினால் வெளிநாட்டு நிறுவனம் பிளாஸ்மிட்டில் ஏற்றியே அனுப்பிவிடும். எழுத்துக்கு இவ்வளவு என்று விலை. ஈ.கோலைக்குப் பழக்கமான எழுத்து வழக்குக்கு மாற்றியும் தருவார்கள், வேண்டாத வெட்டிடங்களையும் நீக்கித் தருவார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஏமாற்றுவேலை மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வு அந்த நொதி எப்படி இறால் ஓட்டைக் கரைக்கிறது என்பதைப் பற்றியதென்றால், மரபணுவை ஒட்டுவதில் ஆறு மாதம் தொலைப்பதற்கு யாரும் பட்டம் தரப்போவதில்லை. மானியத்தில் பணம் இருந்து, கையில் மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா இல்லாமல் வரிசை மட்டும் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் செய்வேன். எங்களிடம் பாக்டீரியா இருந்தது, பணம் இல்லை.

இனி கிரிஸ்பர். தம்பி ஏன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பது தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவன் அத்தை மகளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய், மாதாமாதம் இரத்தம் ஏற்றுகிறார்கள். மலேசியாவில் இந்த நோய் எவ்வளவு பரவலானது என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 நவம்பரில் பிரிட்டன் இந்த நோய்க்கும் உதவும் கேஸ்கெவி என்ற கிரிஸ்பர் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்த செய்தியை அவன் குடும்பமே படித்திருக்கிறது. அதனால் பொறுமையாகவே சொன்னேன்.

2012இல் டௌட்னாவும் சார்பென்டியேவும் காட்டிய கேஸ்-9, இருபதெழுத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ சொல்லும் இடத்தில் இரண்டு இழையையும் வெட்டும். பக்கத்தில் ஜிஜி என்ற இரண்டெழுத்து இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதோடு அதன் வேலை முடிந்தது. ஒட்டுவது செல்லின் சொந்தப் பழுதுபார்க்கும் கூட்டம். மனிதச் செல் அவசரத்தில் முனைகளைப் பிடித்து ஒட்டும்போது ஓரிரு எழுத்தை விட்டுவிடும், சில சமயம் கூடுதலாகச் சேர்த்துவிடும். கேஸ்கெவிக்கு அந்த அவசர ஒட்டலே போதும். இரத்த மூலச் செல்லில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவை முடுக்கிவிடும் ஒரு பகுதியில் வெட்டுகிறார்கள், ஒட்டும்போது அந்தப் பகுதி கெடுகிறது, பிசிஎல்11ஏ அடக்கி வைத்திருந்த கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி சுரக்கத் தொடங்குகிறது. எந்த எழுத்தையும் சரியாகத் திருத்த வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

ஈ.கோலையிடம் அந்த அவசர ஒட்டும் வழியே கிடையாது. அதன் மரபுத்தொகுதியில், அதாவது மொத்த டி.என்.ஏவில், கேஸ்-9 வெட்டினால் பெரும்பாலும் செத்துப்போகும். அதனால் பாக்டீரியாவில் கேஸ்-9 சல்லடையாகத்தான் பயன்படுகிறது. வேறு நொதிகளால் முதலில் மாற்றத்தைச் செய்துவிட்டு, மாறாமல் நின்ற செல்களைக் கேஸ்-9 கொண்டு கொல்கிறார்கள். இரண்டு இழையையும் வெட்டாமல் ஓரெழுத்தை மட்டும் மாற்றும் கருவிகள் டேவிட் லியூவின் ஆய்வகத்திலிருந்து 2016இலும் 2017இலும் வந்தன. 2019இல் வந்த பிரைம் எடிட்டிங், புது வரிசையை வழிகாட்டி ஆர்.என்.ஏவிலேயே எழுதி அனுப்புகிறது. எல்லாம் உயிரோடிருக்கும் மரபுத்தொகுதிக்குள் கைவைக்க வேண்டியவர்களுக்கு. தம்பியின் மரபணு குழாயில் இருக்கிறது, பிளாஸ்மிட்டும் குழாயில் இருக்கிறது. செல்லுக்குள் எதற்குப் போக வேண்டும்?

எந்த வழியானாலும் மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புக் குழுவுக்கான பாரத்தை முதலிலேயே கேட்டு நிரப்பி வைக்கச் சொன்னேன். அதை அலுப்பாக நினைக்காத மாணவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக, என்டிஇ, எக்ஸ்ஹோ, டி4 லைகேஸ். மூன்று நொதியும் உறைபெட்டியில் ஏற்கெனவே இருந்தன, வாங்க வேண்டியது இரண்டு பிரைமர் மட்டும். நொதி உட்கார இடம் வேண்டும் என்பதால் வெட்டிடத்துக்கு வெளியே ஆறெழுத்து கூடுதலாக விடச் சொன்னேன். முனைக்கு ஒட்டி இருந்தால் என்டிஇ-1 சரியாக வெட்டாது. லைகேஸின் பஃபரைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்தோம். அதிலிருக்கும், லைகேஸுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் வீணாகும். வெட்டினான், ஜெல் ஓட்டினான், 47 நானோகிராம் போட்டான், என் ஐஸ் பெட்டியில் மிதக்கவிட்டான். மறுநாள் ஈ.கோலைக்குள் செலுத்தித் தட்டில் பரப்பினதில் இருபத்தாறு காலனி. அவன் அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினான்.

நான்கு காலனியை எழுத்து வரிசை வாசிக்கும் சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். நான்கிலும் மரபணு சரியாக உட்கார்ந்திருந்தது. ஆனால் நான்கிலும் எக்ஸ்ஹோ வெட்டிடத்துக்கு முன் ஓரெழுத்து குறைகிறது. பாலிமரேஸ் செய்த பிழையாக இருந்தால் நான்கிலும் ஒரே இடத்தில் வராது. பிரைமரை எழுதும்போதே விட்டிருக்கிறோம். ஓரெழுத்து போனால் அதற்குப் பின்னால் வரும் ஹிஸ் வால், அதாவது நொதியைப் பிரித்தெடுக்கப் பிடித்துக்கொள்ளும் வால், படிப்பு தவறிவிடும். முகம் வாடிப்போய், "இப்பவாச்சும் கிரிஸ்பர் போடலாமா அக்கா?" என்றான்.

அதற்கும் வேண்டாம். விட்ட எழுத்தைச் சேர்த்து ஒரு ஜோடி பிரைமர், 7,000 எழுத்து வளையம் முழுவதையும் பிழை குறைந்த பாலிமரேஸால் சுற்றிப் பெருக்கினால் போதும். ஈ.கோலைக்குள் பிறந்த பழைய வளையத்தில் மெத்தில் முத்திரை இருக்கும், குழாயில் பிறந்த புதியதில் இருக்காது. டிபிஎன்-1 என்ற வெட்டு நொதி முத்திரை உள்ளதை மட்டும் தேடி நறுக்கும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம், பழையது போய்ப் புதியது நிற்கும். புது வளையத்தில் மிச்சமிருக்கும் கீறலை நாம் மூட வேண்டியதில்லை, உள்ளே போனதும் ஈ.கோலையே தன் லைகேஸால் மூடிக்கொள்ளும்.

உறைபெட்டியில் தேடினோம். டிபிஎன்-1 குழாயில் நான்கு மைக்ரோலிட்டர் இருக்கிறது. இந்த ஒரு முறைக்குப் போதும். அடுத்ததற்குத் தீபாவளி வரும் வாரம் பார்த்துப் பொட்டலம் வந்து இறங்காதபடி, இந்தத் திங்கட்கிழமையே ஆர்டர் போட்டாக வேண்டும்.